உப்பில் சாகும் தழை

அந்த மாசி மாதத்தில் என் பெண்டாட்டி ஆதியம்மாள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்பவர்களுக்கு இது ஒரு பெரிய சங்கதியாகத் தோன்றாது. அவளைத் தெரிந்தவர்களுக்குத் தோன்றும். புயலடித்துக் கட்டுமரம் இறங்காத நாளில்கூட, வீட்டில் இருக்கிற கூழில் தன் பங்கைக் குடித்துவிட்டுத்தான் எனக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பாள். அப்படிப்பட்டவள் சோற்றைப் பிசைந்து பிசைந்து நாய்க்கு வைத்தால் எனக்கு எப்படி இருக்கும்? அந்த மூன்று நாளும் வீட்டில் சந்தோஷமாக இருந்தது நாய் ஒன்றுதான்.

இப்போது இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் குப்பம் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், இரண்டுக்கும் நடுவில் மணலும் நாங்களும். என் பெயர் சிங்காரம். தணிகைவேலின் பெரிய வலையில் கயிறு இழுக்கிறவன். பெரிய வலை என்றால், கட்டுமரத்தில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இருபது பேர் இழுக்கிற வலை. அதில் விழுகிற மீனை ஆதியம்மாள் கூடையில் எடுத்துக்கொண்டு, ஓடத்தில் கால்வாயைக் கடந்து, கேளம்பாக்கத்து உப்பளங்களைத் தாண்டி, அதற்கும் மேற்கே இரண்டு மைல் நடந்து புன்னப்பாக்கம் என்கிற ஊரில் விற்பாள். பதினோரு வருஷமாக அந்த ஊருக்கு மீன் என்றால் ஆதியம்மாள்தான்.

வெயில் ஏறினால் மீன் தாங்காது. மற்ற பெண்கள் ஈரச் சாக்கைப் போட்டு மூடுவார்கள். இவள் முந்தின வருஷ மழையில் ஒரு தழையைக் கண்டுபிடித்தாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கால்வாய்த் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடும். அப்போது பட்டணத்துப் பக்கமிருந்து அந்தத் தழை கூட்டம் கூட்டமாக மிதந்து வரும். தடித்த பச்சை இலை, காற்றடைத்த மாதிரி உப்பிய காம்பு, அடியில் கறுப்பாகச் சடைபிடித்த வேர், மேலே ஊதா நிறத்தில் பூ. கூடைக்கு அடியில் ஒரு அடுக்கு, மீனுக்கு மேல் ஒரு அடுக்கு என்று போட்டால் மத்தியானம் வரைக்கும் ஈரம் காயாது. குப்பத்துப் பெண்கள் நாலைந்து பேர் இவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

தை பிறந்தால் முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் கால்வாயில் ஏறும். உப்பு பட்ட இரண்டு வாரத்தில் அந்தத் தழை கறுத்து, அழுகி, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். வருஷா வருஷம் இதுதான் நடக்கும். அதனால் எங்களுக்கு அது மழைக்கு வந்துவிட்டுப் போகிற விருந்தாளி. தானாக வரும், தானாகச் சாகும். நல்ல தண்ணீரில் அது சாகவே சாகாது என்பதை எங்கள் குப்பத்தில் யார் எங்கே போய்ப் பார்த்தோம்?

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தேன். ஆதியம்மாள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா ஆச்சு உனக்கு? இந்த வயசுல இன்னொரு புள்ள வந்துகினு கீதா?" என்று கேட்டேன். கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழுதாள்.

"கருப்பண்ணன் வேலை போவப் போவுதுய்யா. வெள்ளிக்கெழம பஞ்சாயத்து."

கருப்பன் புன்னப்பாக்கத்து ஏரியின் நீர்க்கட்டி. மதகைத் திறப்பது, மூடுவது, யார் வயலுக்கு எந்த நேரம் தண்ணீர் என்று முறைவைத்து விடுவது எல்லாம் அவர்தான். அடைப்பு வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கிப்போய் எடுப்பார். அறுவடையில் ஒவ்வொரு களத்திலும் அவருக்கு ஒரு பங்கு நெல் உண்டு, அதுதான் அவர் குடும்பத்துக்குச் சோறு. ஆதியம்மாள் கூடையைக் கழுவ ஏரிக்குப் போகும்போது இரண்டு வார்த்தை பேசுவார். மிஞ்சின பொடி மீனை இவள் அவருக்குக் கொடுப்பாள்.

அந்த ஏரியில் இப்போது தண்ணீர் தெரியவில்லை என்று சொன்னாள். போன வருஷம் ஒரு மூலையில் இருந்த தழை இந்த மழைக்குப் பிறகு ஏரி முழுக்க மூடிவிட்டது. மதகு வாயில் பாய் மாதிரி அடைத்துக்கொண்டது. கருப்பன் தினமும் முங்கி முங்கி எடுக்கிறார், எடுத்த இடத்துக்கு அடுத்த தழை வந்து நிற்கிறது. கீழே மழைக்குப் பின் நட்ட நவரைப் பட்டத்து நெல் கதிர் வாங்குகிற நேரம். வயல் வெடித்துக் கிடக்கிறது.

சைக்கிளில் ஒரு விவசாய ஆபீசர் வந்து பார்த்தாராம். இதற்கு ஆகாயத்தாமரை என்று பெயர், ஒன்று இருந்தால் ஒரு மாசத்தில் நூறு ஆகும், விதை சேற்றில் வருஷக்கணக்காகக் கிடக்கும் என்றாராம். தெளிக்க ஒரு மருந்து இருக்கிறதாம், மேலே எழுதிப் போட்டிருக்கிறாராம். அது எப்போது வரும் என்று கேட்டதற்கு மேலே பார்த்தாராம். போகிற போக்கில், "இது தானாக வராது, யாரோ கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா போயிருக்கலாம்.

அன்றிலிருந்து ஊர் அந்த யாரோவைத் தேட ஆரம்பித்தது. தழைக்கு அடியில் விரால் மீன் நிறையத் தங்கும். மதகடியில் விரால் பிடிக்கிறவர் கருப்பன். மீனுக்கு ஆசைப்பட்டு அவர்தான் போட்டார் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஊர்ப் பஞ்சாயத்துப் பிரசிடென்ட் காசிநாதன், ஏரிக்குக் கீழே அதிக நிலம் அவருக்குத்தான், அவர் வெள்ளிக்கிழமையோடு கருப்பனை நீக்கிவிட்டு வேறு ஆளைப் போடப்போகிறார்.

"அதுக்கு நீ ஏன் சோறு தின்னாம கீற?" என்றேன்.

"அத்த போட்டதே நாந்தான்யா. ரெண்டு மழையா கூடைய கழுவிட்டு தழைய அங்கியே கொட்டினேன். நம்ம கால்வாயில சாவறாட்டம் அங்கியும் செத்துப்பூடும்னு நெனச்சேன்."

ஊசி என் விரலில் ஏறிவிட்டது. நான் அப்போது சொன்னதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். "யாரு பாத்தா? வாய மூடிக்கினு கெட. வேற ஊருக்கு மீன் எடுத்துகினு போ," என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வலையைக் கீழே வைத்துவிட்டேன். "அவரு வூட்ல அஞ்சு பேரு துன்னணும்யா," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வெறுங்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மீன் இல்லாமல் எதற்குக் கூடை என்று கேட்டேன். கூடை இல்லாமல் அந்த ஊருக்குள் போய்ப் பழக்கமில்லை என்றாள். நான் ஐம்பது அடி பின்னால் நடந்து போனேன். என் வீரம் அவ்வளவுதான்.

பஞ்சாயத்தை ஏரிக்கரையிலேயே, மதகுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். நான் அன்றைக்குத்தான் அந்த ஏரியைப் பார்த்தேன். எதிர்க்கரை வரைக்கும் பச்சை, அதன் மேல் ஆயிரக்கணக்கில் ஊதாப் பூ. விஷயம் தெரியாதவன் பார்த்தால் அழகு என்று சொல்லிவிடுவான். தரை என்று நினைத்து ஒரு கன்றுக்குட்டி அதன் மேல் நடந்து முழுகிச் செத்ததாம். கரைக்கு இந்தப் பக்கம் நெல் நுனி கருகி நின்றது. ஒரு பக்கம் ஏரி நிறையத் தண்ணீர், மறு பக்கம் காய்கிற பயிர், நடுவில் ஒரு மதகு. எனக்கே ஆத்திரம் வந்தது.

கருப்பன் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"நீ போடலன்னா வேற யாருடா போட்டது? அதுவா நடந்து வந்துச்சா?" என்றார் காசிநாதன்.

"நான் போடலய்யா," என்றார் கருப்பன்.

"தெனமும் எடுக்கறேன்னு சொல்றான், மதகு தெறக்கல. தெறக்க முடியாத நீர்க்கட்டி எதுக்கு? இன்னியோட—"

ஆதியம்மாள் கூடையைத் தரையில் வைத்தாள். "அவரு போடல. நான் போட்டேன்," என்றாள்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், ஏதோ மீன்காரி வேடிக்கை பேசுகிறாள் என்று. அவள் நிறுத்தவில்லை. கால்வாயில் தழை எடுத்தது, மீனுக்கு மேல் போட்டது, விற்று முடித்துக் கழுவிக் கொட்டியது, எந்தப் படித்துறையில், எந்த மாசத்தில் என்று ஒன்று விடாமல் சொன்னாள். "உப்பு இல்லாத தண்ணில இது சாவாதுன்னு எனக்குத் தெரியாது சாமி. என்ன இன்னா வேணா பண்ணுங்க. அந்த மனுசன வுட்டுடுங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. காசிநாதன் முகம் சிவந்துவிட்டது. இனிமேல் எந்த மீன்காரியும் இந்த ஊர் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்றார். அந்தக் கூடையை மிதித்து உடைக்கச் சொல்லி ஒருத்தனை ஏவினார். ஐம்பது அடி பின்னால் நின்ற எனக்கு அப்போதுதான் உடம்பில் ரத்தம் ஓடியது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், "கூடை மேல கால் வச்சுப் பாரு," என்றேன்.

அடிதடியில் முடிந்திருக்கும். ஹயாத் பாஷாதான் இருமினார். அரிசி, உப்பு வியாபாரம், எட்டு மாட்டுவண்டி, பஞ்சாயத்தில் ஒரு மெம்பர். இருமினால் ஊர் திரும்பிப் பார்க்கிற மனுஷன்.

"பிரசிடென்ட், ஒரு நிமிசம். எங்க வூட்டுத் தொட்டிலயும் அந்தச் செடி கீது," என்றார். "பூ நல்லா கீதுன்னு எங்க வூட்டம்மா இந்தப் பொம்பளைகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டு வாங்கிச்சு. தொட்டி ரொம்பிப் போச்சு. ரொம்பினத எங்க போட்டாங்கன்னு நேத்து கேட்டேன். ஏரிலதானாம்."

அந்த ஒரு இருமல் போதுமாக இருந்தது. பின்னாலிருந்து ஒருவர், தன் சம்சாரம் பாய் வீட்டுச் சம்சாத் பேகத்திடம் இரண்டு செடி வாங்கிக் கிணற்றடியில் வைத்திருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் வீட்டில் மாடு தின்னும் என்று வளர்த்தார்களாம், மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டதாம், அதனால் ஏரியில் கொட்டினார்களாம். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல எல்லார் முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. பாவி ஜனங்கள், இத்தனை நாள் அவரவர் வீட்டுத் தொட்டியை மூடி வைத்துக்கொண்டு கருப்பனைக் கை காட்டியிருக்கிறார்கள்.

கடைசியில் காசிநாதனின் கடைக்குட்டி மகள், பெயர் வேண்டா, பஞ்சாயத்துக்கு மோர் கொண்டுவந்தவள், சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே, "நைனா, நம்ம வூட்டுப் பின்னால அண்டாவுல கீதே, நான் சாமிக்கு வெப்பேனே, அதானே இது?" என்றாள்.

காசிநாதன் மோரை வாங்கிக் குடித்தார். ரொம்ப நேரம் குடித்தார்.

"சரி, யாரு போட்டா இன்னா, இப்ப எடுக்கறது யாரு?" என்றார் ஹயாத் பாஷா. பயிர் இன்னும் ஐந்து நாள் தாங்கும் என்று கணக்குப் பார்த்தார்கள். மருந்துக்கு எழுதின காகிதம் மேலே போயிருக்கிறது, எப்போது இறங்கும் என்று தெரியாது. காசிநாதனுக்குக் கோபம் இறங்கிவிட்டாலும் பேசின வார்த்தையை விட மனசில்லை. புதன்கிழமைக்குள் மதகு திறந்தால் கருப்பன் இருக்கட்டும், மீன்காரி வரட்டும். திறக்காவிட்டால் இரண்டு பேரும் இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது என்றார்.

அந்தப் பச்சைப் பரப்பைப் பார்த்தேன். அது விலகுவதற்கு என்ன வேண்டும் என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. "எங்க பெரிய வலைய கொண்டாறேன்," என்று சொல்லிவிட்டேன். எங்க வலையாம்! ஒரு கண்ணிகூட எனக்குச் சொந்தமில்லை.

அன்று மத்தியானம் சம்சாத் பேகம் ஆதியம்மாளை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, "என்னாலதான் பாதி," என்று சொல்லிச் சொல்லிச் சோறு போட்டாள். இவள் மூன்று நாள் கணக்கையும் அங்கேயே தீர்த்துக்கொண்டாள். நான் மட்டும் தணிகைவேலிடம் எப்படிப் பேசுவது என்று யோசித்துக்கொண்டு சாப்பிட்டதில் என்ன குழம்பு என்று கூடத் தெரியவில்லை.

தணிகைவேல் முழுசாகக் கேட்டார். "இன்னாடா, என் வலை உங்க மாமனார் வூட்டு சீதனமா?" என்றார். மாசியில் நல்ல மீன் படுகிற காலம். மூன்று நாள் வலையை நிறுத்தினால் இருபது குடும்பத்துக்கு மீன் இல்லை. அவர் மறுத்திருந்தால் நான் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அவர், "என் வூட்டுக்காரியும் மழைக்காலத்துல அந்தத் தழையிலதாண்டா மீன் கட்டறா. அவ எந்த ஏரில கூடை கழுவறாளோ," என்றார். உடனே எழுந்து போய்க் குப்பத்துப் பெண்களை எல்லாம் கூப்பிட்டு, இனிமேல் அந்தத் தழையைத் தொடக் கூடாது என்று கத்தினார். பிறகு என்னிடம் வந்தார்.

"மடி வேணாம். மடிய கழட்டி வச்சிட்டு ரெண்டு கையும் மட்டும் எடுத்துகினு போ. கிழிஞ்சா நீதான் பின்னணும்."

மடி என்பது மீன் வந்து சேருகிற பொடிக்கண்ணிப் பை. அதற்கு இரண்டு பக்கமும் நீண்டு போகிற கைகள் தடித்த கயிற்றில் பெரிய கண்ணியாக இருக்கும். தழைக்கு அது போதும். கட்டுமரத்தைக் கால்வாயில் தள்ளிக் கொண்டுபோய், கேளம்பாக்கத்தில் கட்டவிழ்த்து, கட்டை கட்டையாக ஹயாத் பாஷாவின் வண்டிகளில் ஏற்றினோம். கடலில் போகிற மரம் மாட்டுவண்டியில் போவதைப் பார்த்து உப்பளத்து ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வலையைத் தழைக்குப் பின்னால் வளைத்து விட்டு, ஏரிக்கரை மேல் நின்று இழுத்தோம். இருபது பேர், கடலையே இழுக்கிறவர்கள் என்று எங்களுக்கு நினைப்பு. வலை நகரவில்லை. தழையின் வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அத்தனை கனம். கரையோ செங்குத்து. கயிறு உள்ளங்கையை அறுத்தது. இரண்டு முறை இழுத்து இரண்டு முறையும் வழுக்கி விழுந்தோம். ஊர் முழுக்கக் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. மத்தியானம் வரைக்கும் ஒரு வண்டித் தழைகூடக் கரை ஏறவில்லை. ஆதியம்மாளை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அப்போது கருப்பன் தண்ணீரிலிருந்து ஏறி வந்தார். "அண்ணாத்த, தப்பா நெனச்சுக்காத. கரை மேல ஏத்தாத. மேக்கால தரை சாய்வா போவுது, அங்க இழு. இன்னும் ஒரு நாழியில கடக்காத்து வரும். தெனமும் அது தழைய மேக்கால தள்ளிகினு போறத நான் பாத்துகினேதான் கீறேன். காத்தோட இழு," என்றார்.

கடல்காற்றைப் பற்றிக் கடற்கரைக்காரனுக்கு ஒரு ஏரிக்காரர் சொல்லித் தருகிறார்! எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. அடுத்த நிமிஷம், இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அதைவிடக் கோபம் வந்தது. வலையைச் சுருட்டிக்கொண்டு மேற்குப் பக்கம் போனோம்.

காற்று வந்தது. கட்டுமரத்தில் இரண்டு பேர் போய்த் தழைப் பாயை அரிவாளால் துண்டு துண்டாக அறுத்துவிட்டார்கள். வலையை வளைத்துப் பிடித்து ஏலேலோ போட்டு இழுத்தோம். முதலில் ஒரு உதறல், பிறகு அந்தப் பச்சைத் தரையே எங்களை நோக்கி நடந்து வந்தது. அப்போது எனக்கு வந்த சந்தோஷம், வலை நிறைய வஞ்சிரம் விழுந்தபோதுகூட வந்ததில்லை. வேடிக்கை பார்த்த குடியானவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றுக்கு வந்தார்கள். அவர்களுக்கு ஏலேலோ பிடிபடவில்லை. நாங்கள் இழுக்கும்போது விட்டார்கள், விடும்போது இழுத்தார்கள். இருந்தாலும் கனத்துக்குக் கனம் உதவியது.

இழுத்துப் போட்டதைப் பெண்கள் வாரிக்கொண்டுபோய்த் தண்ணீர் எட்டாத மேட்டில் பரப்பினார்கள். ஒரு துண்டு உருண்டு ஏரிக்குள் திரும்பிப் போகாமல் ஆதியம்மாள் காவல் நின்றாள். ஊரில் இருந்த தொட்டி, அண்டா, கிணற்றடி எல்லாம் காலியாகி அதே மேட்டுக்கு வந்தது. காசிநாதன் வீட்டு அண்டாவை வேண்டாவே இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கவிழ்த்தாள். சாமிக்கு இனிமேல் அரளிப்பூ போதும் என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாதி ஏரியில் வானம் தெரிந்தது. மீதித் தழையை மூங்கிலைக் குறுக்கே கட்டி மதகுப் பக்கம் வராமல் தடுத்து வைத்தோம். அதை எடுக்க மறுபடி இரண்டு முறை வந்தோம், அது வேறு கதை.

புதன்கிழமை காலையில் கருப்பன் மதகுக்கு முங்கினார். உள்ளே குழாய்க்குள் போய் அடைத்திருந்த வேரைக் கையால்தான் பிய்க்க வேண்டும். நான் கடலில் எத்தனையோ பேர் முங்கிப் பார்த்திருக்கிறேன், ஒருவரும் அவ்வளவு நேரம் உள்ளே இருந்ததில்லை. ஆதியம்மாள் என் கையைப் பிடித்து நகம் பதிய அழுத்தினாள். ஒரு கறுப்பு வேர்க்கட்டை முதலில் மேலே வந்தது. பிறகு கருப்பனின் தலை வந்தது. அவர் வாயைத் திறந்து மூச்சு வாங்குவதற்குள் கரைக்கு அந்தப் பக்கம் குபுகுபுவென்று தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டது.

எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். வெடித்த வாய்க்கால் மண் தண்ணீரை வாங்கி வாங்கிக் கறுத்துக்கொண்டே போயிற்று. காசிநாதன் செருப்போடு வாய்க்காலில் இறங்கி நின்றார். நான் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஆதியம்மாள் மறுபடி மீன் கூடையோடு கிளம்பினாள். அடியில் பூவரசு இலை, மேலே ஈரச் சாக்கு. என் பங்குக்கு நானும் கூடப் போனேன், இந்த முறை பக்கத்திலேயே நடந்து. ஏரிக்கரைப் பாதை ஊருக்குள் திரும்புகிற இடத்தில் கருப்பன் ஒரு கோலோடு உட்கார்ந்திருந்தார். ஊருக்குள் வருகிற கூடை, வண்டி, வைக்கோல் எதுவானாலும் நீர்க்கட்டி பார்த்துத்தான் விட வேண்டும் என்று பஞ்சாயத்தில் சொல்லியிருந்தார்களாம்.

"கூடைய எறக்கு," என்றார்.

"அண்ணாத்த, நாந்தான்," என்றாள் ஆதியம்மாள்.

"தெரியுது. எறக்கு."

இறக்கினாள். அவர் சாக்கை எடுத்து உதறினார். பூவரசு இலையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். மீனுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். கூடையின் பின்னலில் ஏதாவது வேர் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் நெருடினார். முகத்தில் ஒரு சிரிப்போ, தெரிந்தவள் என்கிற பழக்கமோ ஒன்றும் காட்டவில்லை. எனக்குச் சுருக்கென்றது. இவருக்காகத்தானே இவள் ஊர் நடுவில் போய் நின்றாள், இவர் கொஞ்சம் தளர்த்தினால் என்ன என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

பின்னால் ஒரு வைக்கோல் வண்டி வந்து நின்றது. காசிநாதனின் வண்டி, அவரே மேலே உட்கார்ந்திருந்தார். "சீக்கிரம் பாத்து வுடுடா, வேலை கீது," என்றார்.

கருப்பன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இந்தக் கூடை முடியட்டும்யா. அடுத்தது நீங்க. எறங்கி நில்லுங்க, வைக்கோல கலைச்சுப் பாக்கணும்," என்றார்.

காசிநாதன் வண்டிக்காரன் கையில் கயிற்றைக் கொடுத்தார். பிறகு இறங்கி எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார்.

ஆதியம்மாள் அழுதுவிட்டாள். பஞ்சாயத்தில்கூட அழாதவள், நடுப்பாதையில் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். என்னம்மா ஆச்சு, கூடையில் ஒன்றும் இல்லையே என்று கருப்பன் பதறிப்போனார். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "வேலை போவலய்யா. அவருக்கு வேலை போவல," என்றாள்.